ஏழு வயதுக் கையெழுத்து

மறுபடியும் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது... இரண்டு வருடம் வகுப்புக்குப் போனவள் நான், வாரத்துக்கு மூன்று மாலை, சீருடையைக்கூட மாற்றாமல், பிள்ளைகளுக்குப் போட்ட பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அரபி படித்தவள் நான், திரைக்கு அந்தப் பக்கம், முழங்கால் ஆபரேஷனுக்கு அரபு நாட்டிலிருந்து வந்த நோயாளி அம்மாளோடு அரபியில் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பவளோ என் நாத்தனார், இந்த வார்டுக்கு வந்து ஆறே மாதம், ஓர் எழுத்து தெரியாது, ஒற்றைக் கோடாக நிற்கும் முதல் எழுத்தைப் போட்டுக் காட்டினால் என்ன அண்ணி குச்சியா என்பாள், எல்லாவற்றையும் காதாலேயே பிடித்துக்கொண்டாள், சினிமாப் பாட்டைப் பிடிக்கிற மாதிரி. நான் இந்தப் பக்கம் நின்று ஐஸ் பைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். காலையில்தான் ஹெட் நர்ஸ் சொன்னார், அடுத்த மாதத்திலிருந்து மொழி உதவியாளர் உங்க நாத்தனார்தான், பதவி உங்க வீட்டைத் தாண்டிப் போகல பாருங்க என்று ஜோக் வேறு. ரொம்ப சந்தோஷம் மேடம் என்றேன். அந்த வேலைக்காகவா படித்தாய்? அதற்காகத்தான், வேறெதற்கு, என்னிடமே மறைப்பானேன்...

தொண்டையின் அடியிலிருந்து எழுப்ப வேண்டிய ஓர் ஒலி, அதற்காகப் பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பழகினேன், யாருக்கும் கேட்காது என்று நினைப்பு, என்னடி முள்ளு சிக்கிக்கிச்சா, தண்ணி கொண்டு வரவா என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் என் கணவர். வலமிருந்து இடமாகக் கண்ணை நடத்தி நடத்தி ஒருநாள் மருந்துச் சீட்டையே வால் பக்கமிருந்து படிக்கத் தொடங்கினேன். எழுத்து தனியாக நின்றால் ஒரு முகம், பக்கத்து எழுத்தோடு சேர்ந்துவிட்டால் வேறு முகம், கல்யாணமான புதிதில் நான் புகுந்த வீட்டில் இருந்த மாதிரி, அதனால்தானோ என்னவோ அந்த எழுத்துகள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. பேருந்தில் ஒரு பிஸ்கட் உறையைப் புரட்டியபோது 'உப்பு' என்ற அரபிச் சொல் தானாக வந்து கண்ணில் உட்கார்ந்தது, நான் படிக்கவில்லை, அதுவே தன்னைப் படித்துக் காட்டியது, அந்த உறையை மூன்று நாள் கைப்பையில் வைத்திருந்தேன், யாரிடம் காட்ட? ஆனால் வாயைத் திறந்தால்... இதே அம்மாளிடம் முதல் நாள், தயவுசெய்து உங்கள் முழங்காலை மெல்ல மடக்குங்கள் என்று இலக்கணம் பிசகாமல் சொன்னேன், அவர் தன் கணவரைப் பார்த்துச் சிரித்தார், கோபித்துக்கொள்ளாதீர்கள், டீவியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசுகிறீர்கள் என்று அந்தக் கணவர் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் படித்தது புத்தகத்து அரபி, அவர்கள் வீட்டில் பேசுவது வேறு. நாத்தனார் இரண்டு சொல்லைத் தப்புத்தப்பாகப் போட்டுத் தன் காலையே மடக்கிக் காட்டுகிறாள், முழங்கால் மடங்கிவிடுகிறது.

யாரோ கூப்பிட்டு அவள் வெளியே போனாள், நான் ஐஸ் பையோடு உள்ளே போனேன். அம்மாளின் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மாள் கதவைப் பார்த்தார், தலையணை உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் வைத்தார், எழுத்தைத் தொட்டு, தன் கண்ணைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டினார். படிக்கத் தெரியாதாம். எழுதியது மகள், ஏழு விரல் காட்டினார், அப்பாவுக்குத் தெரியக் கூடாது, உதட்டில் விரல் வைத்தார். மருந்துப் பெட்டியை நான் விரல் வைத்துப் படித்ததை நேற்று கவனித்திருப்பார் போல. பிரித்தால்... என் கையெழுத்து! அதே தடித்த பென்சில், அதே கோணல், அழித்து அழித்துத் தாள் கருத்த இடங்கள், இரண்டு வருடத்தில் நான் வந்து சேர்ந்திருப்பது ஏழு வயதுக்கா? படித்தேன். அம்மா, பூனை என் கட்டிலில் தூங்குகிறது. அப்பாவிடம் சொல்லாதே. சீக்கிரம் நடந்து வா. செய்தி வாசிப்பவள் குரலில்தான் படித்தேன், அவர் சிரிக்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பப் படி என்றார், இன்னொரு தடவை என்றார், மூன்றாம் தடவை கடைசி வரியை என்னோடு சேர்ந்து சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒரு முகத்துக்காக இன்னும் இரண்டு வருடம் அந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று தோன்றியது.

திரை விலகியது. "என்ன அண்ணி, அழ வெச்சுட்டீங்களா?" என்று நாத்தனார் வந்து நின்றாள், நான் பதில் சொல்லுமுன் அம்மாளே அவளிடம் எல்லாவற்றையும் படபடவென்று கொட்டிவிட்டார், இருவரும் பூனையைப் பற்றிச் சிரித்தார்கள், பத்து நொடிகூட அது என்னிடம் தங்கவில்லை... பிறகு அவள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். "இதுல எது அண்ணி பூனை?" சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகத்தை எங்கே பார்த்திருக்கிறேன், இன்று காலை, ஹெட் நர்ஸ் சொன்ன பிறகு, லிஃப்ட் கண்ணாடியில், என் முகம் அல்லவா அது? இவளுக்குமா?

"எனக்கும் எழுத்து சொல்லிக் குடுங்க அண்ணி. வீட்லயே, தினம் அரை மணி நேரம். நீங்க சொன்னா டக்குனு புடிச்சுப்பேன்."

பிடித்துக்கொள்வாள், அதுதானே, ஒரு மாதம் போதும் இவளுக்கு... தாளை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, அம்மாளிடம் கொடுத்தேன்.

"இல்லம்மா," என்றேன். "நான் சொல்லித் தர மாட்டேன்."