தமிழ்செல்வியின் வலது தோள்

போன ஆவணியில் ஒரு நாள் முழுக்க எங்கள் தெருவில் நான் பெண்டாட்டியை அடிப்பவனாக இருந்தேன். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் முறத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுகிறவன் நான். அதுவும் முறத்தைத் தமிழ்செல்வி பிடித்துக்கொண்டால்தான். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், துப்பாக்கியில் ஆரம்பிக்க வேண்டும்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற வழியில் என் நண்பன் சந்திரமோகனுக்கு ஒரு கரட்டு நிலம் இருக்கிறது. மாங்கன்று வைத்தால் பட்டுப்போகும். கொள்ளு விதைத்தால் மயில் தின்றுவிடும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன், அங்கே வேறு எதுவும் விளையாது என்று தெரிந்த பிறகு, முறைப்படி அனுமதி வாங்கித் தட்டு சுடும் கிளப் ஒன்றை ஆரம்பித்தான். சுடுகிறவர் ‘புல்’ என்று, அதாவது இங்கிலீஷில் ‘இழு’ என்று, கத்தினால், ஒரு எந்திரம் உள்ளங்கை அகல ஆரஞ்சுத் தட்டை வானத்தில் வீசும். அது தரைக்கு வருவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். களிமண் தட்டு என்று பெயர். தொட்டுப் பார்த்தால் தாரும் சுண்ணாம்பும்.

நான் கிளப்பின் செயலாளர். செயலாளர் என்றால் எந்திரத்தில் தட்டு ஏற்றுவது, சுட்ட குண்டின் ஓடு பொறுக்குவது, டீ வாங்கி வருவது. சுடுவதும் உண்டு. நான் சுடுகிற தட்டுகள் பெரும்பாலும் முழுசாகத் தரையிறங்கும், எடுத்துத் திரும்பவும் வீசலாம். அந்த வகையில் கிளப்புக்கு என்னால் சிக்கனம்.

பெண்களும் சேர வேண்டும் என்பது சந்திரமோகனின் ஆசை. “ஊர்ல பாதிப் பேர வுட்டுட்டு இன்னாடா கிளப்பு?” என்பான். அந்த வேலையும் செயலாளர் தலையில் விழுந்தது. மகளிர் குழுக் கூட்டத்தில் போய்ப் பேசினேன். மனம் ஒருமைப்படும், தைரியம் வரும், வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகலாம் என்று அடுக்கினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முடிந்ததும் எல்லம்மாள் எழுந்தாள். எங்கள் மாந்தோப்பில் வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், என்னை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“நைனா, இதுக்கு லோன் குடுப்பாங்களா?”

“லோன் இல்ல எல்லம்மா. சுடறதுதான்.”

“இன்னாத்த? காட்டுப்பன்னியா?”

“தட்டு.”

“தட்டு உன்ன இன்னா பண்ணிச்சி?”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. ஒருத்தியும் வரவில்லை.

வந்தது என் பெண்டாட்டிதான். அதுவும் சேர வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க, போனை எடுக்காத என்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தாள். “வந்ததுதான் வந்த, ஒண்ணு சுட்டுப் பாரும்மா” என்றான் சந்திரமோகன். முதல் குண்டுகள் எங்கே போயின என்று மயில்களுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு தட்டு பட்டென்று உடைந்து ஆரஞ்சுப் பொடியாக வானத்தில் நின்றது. தமிழ்செல்வி அந்தப் பொடி கரைகிற வரைக்கும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று என்னைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பினோம். ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் கேட்டாள்.

“ஏங்க, வர ஞாயித்துக்கெழமயும் இருக்குதா?”

“ஆங், இருக்குது.”

“யார்கிட்டயும் சொல்லக்கூடாது. நான் வண்டி கத்துகினப்ப சாக்கடையில வுழுந்தத இந்தத் தெரு இன்னும் சொல்லிக்கினு இருக்குது. எறிஞ்சதுல பாதியாவது ஒடைக்கற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக்கூடாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே நின்னுடும்.”

கோயில் மலையைக் காட்டிச் சத்தியம் கேட்டாள். செய்தேன். எதிரில் கோபுரம் தெரிகிற ஊரில் சத்தியம் செய்வதில் இது ஒரு சங்கடம். பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

ஞாயிறுதோறும் வந்தாள். தட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைந்தன. ஆனால் கிளப்பில் இருந்த இரண்டு துப்பாக்கிகளும் சந்திரமோகன் மாதிரி நீளக் கைக்காரர்களுக்காகச் செய்தவை. தோளில் வைக்கிற பின்கட்டை அவளுக்கு நீளம். தோள்குழியில் உட்காராமல் வழுக்கிப் புஜத்தில் போய் நிற்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதை நேராக எலும்பில் விழும். மூன்றாவது வாரம் தோளுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. இரவு தைலம் தேய்த்துவிட்டேன்.

“வலிக்குதுங்க.”

“எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான். பழகிடும்” என்றேன். சந்திரமோகன் என்னிடம் சொன்னதைத்தான் அப்படியே சொன்னேன்.

அந்த வாரம் அவள் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனாள். எங்கள் தெரு தையல்காரி துர்கா கைச்சுற்று அளவெடுக்க ரவிக்கைக் கையை மேலே தள்ளியவள், அப்படியே நின்றுவிட்டாளாம்.

“அக்கா, இது இன்னா?”

தமிழ்செல்விக்குச் சட்டென்று நல்ல பொய்யாக ஒன்றும் வரவில்லை. வந்த பொய்யோ, ஊரில் அடி வாங்குகிற பெண்கள் எல்லாம் சொல்கிற பொய்.

“கதவுல இட்சிகினேன்.”

அவ்வளவுதான். துர்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. ‘சரிக்கா’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் மட்டும் டேப்பைத் தொட்டும் தொடாமலும் பிடித்தாளாம்.

மறுநாள் காலையில் பால்காரம்மா பாலை என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனார். என் பம்புசெட் கடைக்கு எதிரில் பூ விற்கிற பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடையில் மட்டும் எனக்கு மரியாதை கூடியிருந்தது. மாதத்தில் இரண்டு முறை மனைவி தாய்வீட்டுக்கு ஓடிப்போகிற அசோக்குமார், நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தான்.

“ஒக்காரு பூபாலா. ஒன்ன நான் இன்னாவோன்னு நெனச்சிகினு இருந்தேன். நீயும் நம்ம ஆளுதான்.”

எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. இதுவரை நான் குடித்த டீக்களில் அவன் காசு கொடுத்த அந்த ஒன்றுக்குத்தான் விலை அதிகம்.

அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்தது. என் மாமியார் கௌரியம்மாள், பக்கத்துத் தெருவிலிருந்து மகளிர் குழுவில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். துர்கா இருந்தாள், எல்லம்மாளும் இருந்தாள். தமிழ்செல்வி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் நாற்காலிகள் எடுத்துப் போட்டேன். யாரும் உட்காரவில்லை.

“மாப்ள, நீங்க சாதுன்னு நம்பிதான் பொண்ணு குடுத்தோம்” என்றார் மாமியார். “அவ தோள்ல இருக்கறது இன்னா?”

“நான் அடிக்கல அத்த.”

“அப்ப எப்படி வந்துச்சி?”

ஜன்னல் வழியாக நான் சத்தியம் செய்த மலை தெரிந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். சொன்னால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் என் மிச்ச நாட்கள் எல்லாம் போய்விடும்.

“கதவு” என்றேன்.

எல்லம்மாள் புடவை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “எல்லாரு ஊட்லயும் கதவுதான் நைனா அடிக்குது. எங்க ஊட்டுக் கதவு குடிச்சிட்டு வரும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றவாளி எப்படி நிற்பானோ அப்படியே நான் நின்றேன் என்று பிறகு துர்கா சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்செல்வி கீரைக்கட்டோடு உள்ளே நுழைந்தாள். அம்மாவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“இவரு ஒண்ணும் சொல்லலியா?”

“கதவுன்னு சொல்றாரு” என்றாள் துர்கா.

தமிழ்செல்வி கீரையைக் கீழே வைத்தாள். “அம்மா, இவரு என்ன அடிக்கல. துப்பாக்கிம்மா.”

“துப்பாக்கியாலயா அட்ச்சாரு!”

“ஐயோ, இல்ல. சுடும்போது பட்டுது.”

“சுட்டாரா?” மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு சுட்டா எதுலயும் படாதும்மா! நான் சுட்டேன்!”

விளக்கம் சொல்லச் சொல்ல என் மேல் குற்றங்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் அவளே சலித்துப்போய், “எல்லாரும் வாங்க, காட்டறேன்” என்றாள். பம்புசெட் ஏற்றுகிற என் குட்டியானை சரக்கு வண்டியில் அத்தனை பேரும் ஏறினார்கள். மாமியாரை முன்னால் உட்காரச் சொன்னேன். என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

கிளப்பில் இருந்த சந்திரமோகன் கூட்டத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “டேய், இத்தினி பேரா! எப்படிடா சேத்த?”

“அப்புறம் சொல்றன்” என்றேன்.

தமிழ்செல்வி துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். ‘புல்’ என்று கத்தினாள். தட்டு பறந்தது, உடையவில்லை. அடுத்ததும் உடையவில்லை. அவள் தோள் வலிக்கும் முன்பே சுருங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. என்னைத் திட்ட வந்த பெண்கள் எல்லாம் இப்போது அவள் பக்கம். “பாத்து சுடு கண்ணு”, “இன்னும் கொஞ்சம் மேல” என்று சத்தம் போட்டார்கள். மாமியார் மட்டும் வானத்தைப் பார்க்கவே இல்லை. மகளின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை எங்கே உட்கார்ந்தது, எங்கே உதைத்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான்காவது முறை உதைத்தபோது அவரே “அம்மா!” என்று கத்திவிட்டார்.

சந்திரமோகன் துப்பாக்கியைத் திறந்து குண்டை எடுத்தபிறகு மாமியார் கிட்டே வந்தார். “இது அவளுக்கு நீளமா இருக்குதே, பாத்தா தெரியல?” என்று சந்திரமோகனைக் கேட்டார்.

“தெரியும்மா. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிடும்.”

“எனக்கும் கல்யாணம் ஆன புதுசுல அதத்தான் சொன்னாங்க” என்றாள் எல்லம்மாள்.

தைலம் தேய்த்தபோது நானும் அதையேதான் சொல்லியிருந்தேன். கையில் தைலவாசனை இன்னும் இருப்பது போலத் தோன்றியது.

மாமியார் மகளின் இடது கையைப் பிடித்தார். “வாடி ஊட்டுக்கு. அவரு அட்ச்சா இன்னா, இது அட்ச்சா இன்னா? அடி வாங்கவா உன்ன பெத்தேன்?”

“வர மாட்டேம்மா.”

“இன்னும் வாங்கப் போறியா?”

“அடியும் வாங்க மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். ரவிக்க பத்தலன்னா பிரிச்சித் தெக்க சொல்றோம். துணியே வாணாம்னு சொல்றமா?” சந்திரமோகன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, இந்தக் கட்டைய வெட்டுங்க.”

சந்திரமோகன் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டான். “வெளிநாட்டு மரம்மா! வெட்டுனா வெட்டுனதுதான். அப்புறம் ஆம்பளைங்களுக்கு சின்னதா போயிடும்.”

“பழகிடும்” என்றார் என் மாமியார்.

சந்திரமோகன் என்னைப் பார்த்தான். நான் அவன் சொல்லை மீறி இதுவரை ஒரு டீ கூட வாங்கி வந்ததில்லை. “வெட்டுடா. ரெண்டுல ஒண்ணு. செயலாளர் சொல்றன்” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாதியில் கொஞ்சம் கீச்சென்றும் போனது. அவன் நெடுநேரம் மரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு தமிழ்செல்வியைக் கையை மடக்கச் சொல்லி, கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தான். அவள் விரல் விசைக்கு எட்டாமல் நின்றது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கோடு போட்டான்.

பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கிற ஆசாரி கட்டையை அறுத்தபோது, சந்திரமோகன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி கடைக்கு வெளியே நின்றான். நுனியில் ரப்பர் பட்டை வைத்துத் தந்தார்கள்.

அடுத்த ஞாயிறு குட்டியானை திரும்பவும் நிறைந்தது. மாமியார் இந்த முறை முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. “வண்டிய மெதுவா ஓட்டுங்க மாப்ள, அவளுக்கு இன்னும் வலிக்கும்” என்றார்.

கட்டை தோள்குழியில் போய் உட்கார்ந்தது. தமிழ்செல்வி முதல் தட்டைத் தவறவிட்டாள், இரண்டாவதை உடைத்தாள். அப்புறமும் உடைந்தன. பாதி ஆகவில்லை, நான் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “வாய மூடுங்க” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. முடிந்ததும் மாமியார் எங்களிடம், “ஆம்பளைங்க ரெண்டு பேரும் மலையப் பாத்து நில்லுங்க” என்று உத்தரவு போட்டுவிட்டு மகளைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நானும் சந்திரமோகனும் கையைக் கட்டிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தபடி நின்றோம். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. சந்திரமோகன் நகத்தைக் கடித்தான்.

“பழசுதான், மஞ்சளாயிடுச்சி. புதுசா ஒண்ணும் இல்ல” என்று மாமியார் குரல் கேட்டது. “சுடட்டும்.”

சந்திரமோகன் மூச்சு விட்டான். திரும்பினோம். எல்லம்மாள் சுடுமிடத்தில் போய் நின்றிருந்தாள், கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு.

“எங்கிட்ட குடு.”

“மொதல்ல வெறும் துப்பாக்கிதாம்மா” என்றான் சந்திரமோகன். குண்டு இல்லாத துப்பாக்கியைக் கொடுத்து, எப்படித் தட்டைப் பின்தொடர வேண்டும் என்று காட்டினான். நான் எந்திரத்துக்குப் போனேன்.

அவள் முதலில் முணுமுணுத்தாள். எனக்குக் கேட்கவில்லை.

“சத்தமா, எல்லம்மா!”

“ஊட்ல சத்தம் போட்டா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது நைனா.”

“இங்க தட்டு வரும். அவ்ளோதான்.”

அவள் தோப்பில் மயில் விரட்டுகிற குரலில் ‘புல்’ என்று கத்தினாள். தட்டு சீறிப் போனது. அவள் துப்பாக்கியை நகர்த்தவே இல்லை. தட்டு வளைந்து, சாய்ந்து, தூரத்துத் தரையில் முழுசாக இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“குறி பாக்கணும்மா” என்றான் சந்திரமோகன்.

“பாக்கறன், பாக்கறன். இரு.” என் பக்கம் திரும்பினாள். “நான் கத்துனதுக்குத்தான போச்சி?”

“ஆங்.”

“இன்னொரு வாட்டி.”

நான் அடுத்த தட்டை ஏற்றினேன்.