மீனுக்குக் காத்திருப்பவர்கள்

அன்று சாயங்காலம் சயந்தினிக்குக் கால் தரையில் பாவவில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் ரோட்டில் இருக்கும் ரமணனின் கேலரிக்குள் வாசலுக்கும் உள்ளறைக்குமாக அவள் நடந்த நடையை வெளியே நடந்திருந்தால், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பாள். அவளுடைய முதல் ஓவியக் கண்காட்சி அது. கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவள். லீவு கிடைத்தபோதெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வந்து, பார்த்ததை வரைந்து வரைந்து வீட்டு பாம் ஷெல்டருக்குள் அடுக்கி வைத்திருந்தாள். போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய அந்த அறையில் இத்தனை நாளும் லிஸ்பனும் மொரோக்கோவும்தான் ஒளிந்துகொண்டிருந்தன. இன்றைக்கு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன.

"ஒரு இடத்துல நில்லு. நீதான் ஆர்ட்டிஸ்ட்டுன்னு தெரியாம உன்கிட்ட ஜூஸ் கேக்கப் போறாங்க" என்றான் அவள் கணவன் துவாரகன். கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டுப் பத்திக் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள்.

விற்றுப்போன படத்தின் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது கேலரிகளின் வழக்கம். துவாரகன் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்துவிட்டான்; கேலரி முழுக்க அந்தப் பேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே மொரோக்கோவின் நீலச் சந்துக்குப் பொட்டு வைத்தாயிற்று. பின்னாலேயே கியோட்டோ மழைக்கும் வைத்தாயிற்று. முன்பின் தெரியாத ஒருவர் தன் படத்தைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார் என்ற சந்தோஷம் தாங்காமல் சயந்தினி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் சிரித்துவிட்டு வந்தாள். ஆனாலும் அவள் உயிர் என்னவோ உள்ளறையில்தான் கிடந்தது.

அங்கே ஒரே ஒரு படம். 'மீனுக்குக் காத்திருப்பவர்கள்' என்று பேர்.

அது பிறந்த கதை இதுதான். போன வருடம் லிஸ்பன் மீன் மார்க்கெட்டில் ஒரு காலைப் பொழுது முழுக்க நின்று வரைந்தாள். மீன்களைவிட, மீனை வெட்டக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறவர்களின் முகங்கள்தான் அவளுக்குப் பிடித்துப்போயின. ஊர் திரும்பிய மறுநாள், கண்ணில் தூக்கம் சொக்க, தேக்கா மார்க்கெட்டில் வாவல் மீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அதே முகங்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. விமானம் ஏறிப் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததைச் சின்ன வயதிலிருந்து வாராவாரம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு வாவலை வாங்கிக்கொள்ளாமலேயே வீட்டுக்கு ஓடி வந்து வரைய ஆரம்பித்தாள்.

படத்தில் ஈரத் தரை, சக்கரம் வைத்த காய்கறிப் பைகள், பறக்கிற செதில். ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள். ஒருவர் போனைப் பார்க்கிறார். இன்னொருவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண் எங்கே இருந்தாலும் எல்லோருடைய காதும் கத்தியிடம் இருக்கிறது. தான் வரைந்ததிலேயே உருப்படியான படம் இதுதான் என்று சயந்தினிக்குத் தெரியும். தெரிந்ததை மனசுக்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

ரமணனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. சென்னைக்காரர், சிங்கப்பூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல ரசனைதான், ஆனால் எதையும் ஏதோ ஒரு வீட்டு சோபாவுக்கு மேலே மாட்டிப் பார்த்துத்தான் எடைபோடுவார்.

"ஃபாரின் படம்னா ஜனங்க வாங்குவாங்க மேடம். மீன் வெட்டறத யாரு மேடம் ஹால்ல மாட்டுவாங்க?" என்று அவர் இழுத்தார். அவள் விடவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இன்றைக்குக் கடை மூடுவதற்குள் அந்தப் படத்துக்கு ஒரு பொட்டு விழுந்துவிட்டால், பொங்கல் விளக்குப் போட்டு லிட்டில் இந்தியாவே ஜேஜே என்று இருக்கும் ஜனவரியில் அடுத்த கண்காட்சிக்கு முன்ஹால் முழுக்க அவளுக்கு. தேக்காவோ பஸ்ஸோ அடுக்குமாடிக்குக் கீழே ஆட்கள் கூடும் வாய்ட் டெக்கோ, அவள் இஷ்டத்துக்கு வரையலாம். விழாவிட்டால் பழையபடி வெளியூர்ப் படங்கள்தான். ஜனவரிக்கு வரைய வேண்டியவை எல்லாம் ஏற்கெனவே அவள் தலைக்குள் வந்து இடித்துக்கொண்டு நின்றன. இன்னொரு நீலக் கதவை வரைய வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது.

வந்தவர்கள் உள்ளறையை எட்டிப் பார்த்தார்கள். "ஓ, தேக்கா" என்றார்கள். திரும்பிப் போனார்கள். லிஸ்பன் டிராம் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு "ஓ, தேக்கா"வுக்கும் சயந்தினி வாசலுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தாள்.

இந்த நேரத்தில்தான் நடைப்பயிற்சிக் காலணியோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். முன்ஹாலை ஒரே வீச்சில் தாண்டி உள்ளறைக்குப் போனார். படத்துக்கு எதிரே, வேறு எங்கும் போட இடமில்லாமல் ரமணன் தள்ளிவிட்டிருந்த பழைய மரப் பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்து படத்தையே பார்த்தார். சிரித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். சயந்தினி பின்னாலேயே ஓடலாமா என்று யோசிப்பதற்குள் அவர் தெருக் கூட்டத்தில் கரைந்துவிட்டார்.

பெஞ்சில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று ரமணன் அதை எடுக்கக் குனிந்தார். "தொடாதீங்க" என்று கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவர் பயந்தே போனார்.

"சோப் பண்ணிட்டுப் போயிருக்காங்க" என்றான் துவாரகன்.

"சோப்பா? டிஷ்யூ இல்ல இருக்கு?"

"குளிக்கிற சோப் இல்ல சார். இடம் புடிக்கிறது. சாப்பாட்டுக் கடையில மேசை மேல டிஷ்யூவ வெச்சுட்டு வாங்கப் போவாங்கல்ல, அது. டிஷ்யூ இருந்தா வேற ஆள் தொட மாட்டாங்க."

"மேசைக்கு ஓகே. படத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான் லா. யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டிட்டு வாங்கப் போறாங்க."

சயந்தினி ரமணனின் மேசைக்கு ஓடினாள். சுவரில் ஒட்ட ஒரு சிவப்பு ஸ்டிக்கரை இப்போதே எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டாள். அப்போது பார்த்துத்தானா அதீஃப் வர வேண்டும்?

அதீஃப் பல் டாக்டர். ஆங் மோ கியோவில் புதிதாக க்ளினிக் திறக்கிறார். உள்ளறைக்கு வந்தவர் படத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "என் வெயிட்டிங் ரூமுக்குன்னே வரைஞ்ச மாதிரி இருக்கு. எல்லாரும் எங்கயோ பாத்துக்கிட்டு, காது மட்டும் உள்ள. இத நான் எடுத்துக்கறேன்" என்றவர், பெஞ்சைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "ஓ, சோப் பண்ணியாச்சா? சாரி சாரி."

ரமணன் சயந்தினியைப் பார்த்தார். ஜனவரி முன்ஹால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் டிஷ்யூ பாக்கெட் இருக்கும் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கிற துணிச்சல் சிங்கப்பூரில் வளர்ந்த எவருக்கு உண்டு?

"ஆமா டாக்டர். ஒருத்தங்க வெச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

அதீஃப் மறுபேச்சுப் பேசவில்லை. லிஸ்பன் டிராமை எடுத்துக்கொண்டு, நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். ரமணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனார். பெஞ்சில் டிஷ்யூ இருந்ததால் நின்றுகொண்டார்.

மூடும் நேரம் நெருங்கியபோது அந்த அம்மா திரும்பி வந்தார். பின்னால் ஒரு பட்டாளமே வந்தது. அவர் பேர் பதுருன்னிசா. பக்கத்துத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கூட வந்தவர்கள் அவர் வீட்டுக்காரர் காதர் மைதீன், சிநேகிதி அன்னம்மா, அப்புறம் அவர்களோடு நடைப்பயிற்சி போகும் கோஷ்டி. சயந்தினி ஸ்டிக்கரோடு பாய்ந்து வந்தாள்.

"உங்களுக்குத்தான் வெச்சிருக்கோம். வேற ஒருத்தர் கேட்டும் குடுக்கல" என்றாள் மூச்சு வாங்க.

"எத?" என்றார் பதுருன்னிசா.

"படத்த. நீங்க சோப் பண்ணினீங்களே?"

"அடடே, நான் படத்த எங்க சோப் பண்ணினேன்? பெஞ்ச இல்ல பண்ணினேன்." அவர் டிஷ்யூவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "முப்பது வருஷமா தேக்காவுல நின்னுகிட்டேதானே மீனுக்கு வெயிட் பண்றோம். இன்னைக்கு உக்காந்து நம்மள நாமளே பாக்கலாம்னு இவங்கள இழுத்துட்டு வந்தேன்."

சயந்தினியின் விரலில் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அழுதுவிடுவாள்போல இருந்தது. ரமணன் அவளைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பல் டாக்டர் நம்பர் இருக்கு மேடம். இப்பவே கூப்பிட்டுப் பொட்டு வெச்சிடலாம்" என்று போனை எடுத்துக் காதில் வைத்தார்.

பெஞ்சில் அதற்குள் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. இடம் கிடைக்காதவர்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"செருப்பப் பாக்கிறாரே, அது நீங்கதான்" என்றார் பதுருன்னிசா கணவரிடம்.

"நான் எதுக்குச் செருப்பப் பாக்கணும்?"

"வெல கேட்டு வாங்கத் தெரியாதவங்க அப்படித்தான் நிப்பாங்க."

"இந்தப் பொம்பளையப் பாருங்க" என்றார் அன்னம்மா. "கூரையப் பாக்கிற மாதிரி பாக்கிறா. மீன் தலையத் தனியாப் போடச் சொன்னோமே, போட்டானான்னு அவளுக்கு உள்ள அடிச்சுக்குது. எனக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனா கேக்க மாட்டேன்."

சிரிப்புச் சத்தம் கேட்டு முன்ஹாலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். இது யார், அது யார் என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வரைந்தவளுக்கே தெரியாத சங்கதிகள் எல்லாம் படத்திலிருந்து வெளியே வந்தன. சயந்தினி அழ மறந்துவிட்டாள். ஒரு சொல் தவறிவிடக் கூடாதே என்று ஆளாளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்று காதர் மைதீன் ரமணனிடம் சொன்னார். தள்ளி நின்ற ரமணன் முன்ஹாலைத் திரும்பிப் பார்த்தார். பொட்டு வைத்த படங்கள் வரிசையாக இருந்தன. ஒரு ஆள்கூட இல்லை.

போனில் அதீஃபின் "ஹலோ" கேட்டது.

"ஒண்ணும் இல்ல டாக்டர், கை பட்டுடுச்சு" என்று ரமணன் அவசரமாக வைத்துவிட்டார். கூட்டத்தை இன்னும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சயந்தினியின் பக்கத்தில் வந்து, தன் குரலிலேயே தனக்கு நம்பிக்கை இல்லாதவர்போலக் கேட்டார்:

"மேடம், ஜனவரிக்கு முன்ஹால்ல எத்தன பெஞ்சு போடணும்?"

துவாரகன் முந்திக்கொண்டு சொன்னான்.

"நெறையப் போடுங்க லா."