கை நனையாத விருந்து

பணியாள் ஒயின் பாட்டிலின் கழுத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, சௌந்தரராஜனின் கோப்பையில் மட்டும் ஒரு வாய் அளவுக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார். சௌந்தரராஜன் கோப்பையைச் சுழற்றினார், மூக்கருகில் கொண்டுபோனார், உறிஞ்சினார், தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் பாட்டில் எங்கள் பக்கம் வந்தது. பக்கத்திலிருந்த என் கணவர் பீமராவை நான் பார்த்தேன். அவர் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மரியாதை யாருக்கு என்பதைச் சாப்பாடு வருவதற்கு முன்பே காட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “ஒயின் கெட்டுப்போயிருக்கான்னு பாக்குறதும்மா அது. விருந்துக்குக் கூப்புட்டவங்க மொதல்ல குடிச்சுப் பாப்பாங்க,” என்று என் மகள் கனிஷ்கா காதோரம் சொன்னாள். என் முகம் அவளுக்கு அத்துப்படி. அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் சரியான காரணங்களை நிறையக் கேட்டு வளர்ந்தவள்.

கனிஷ்காவும் பத்ரியும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். பத்ரி நல்ல பையன்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்குச் சந்தேகம் எல்லாம் எதிரே உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பா சௌந்தரராஜன், அம்மா இருவர் மீதும்தான். அவர்கள் ஸ்ரீரங்கம் உத்திர வீதி ஐயங்கார் குடும்பம். எங்கள் வீடு மன்னார்புரத்தில். நாங்கள் யார் என்பது என் கணவர் பெயரிலேயே இருக்கிறது. துறையூர்ப் பக்கத்துக் காலனியில் என் மாமனார் பிச்சமுத்து ஆசைப்பட்டு மகனுக்கு வைத்த பெயர் அது. பீமராவ் என்று சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடி மறையும். அந்த ஒரு நொடியைப் படிப்பதில் நான் பட்டம் வாங்கியவள். கனிஷ்கா என்னிடம், “நீ சரின்னு சொன்னாதாம்மா கல்யாணம்,” என்று சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் மகள் அந்த வீட்டில் அடுப்படி வரைக்கும் போவாளா, கூடத்தோடு நிறுத்தப்படுவாளா? நான் சரி சொல்வதும் சொல்லாததும் அதில்தான் இருந்தது.

பெண் பார்ப்பதென்றால் பெண் வீட்டுக்கு வருவதுதான் முறை. இல்லையென்றால் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். சௌந்தரராஜன் இரண்டையும் செய்யவில்லை. “பாண்டிச்சேரிலேர்ந்து ஒரு பிரெஞ்சு செஃப் வந்திருக்கார் சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏழு கோர்ஸ், ஒவ்வொண்ணுக்கும் அதுக்கேத்த ஒயின். நிதானமாப் பேசலாம்,” என்று போனில் சொன்னார். நிதானமாகப் பேச கன்டோன்மென்ட் ஹோட்டல் எதற்கு? காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அவர்கள் வீட்டில் நாற்காலியே கிடையாதா? ஒயின் எதற்கு என்பது அடுத்த கேள்வி. என் கணவர் குடித்தால், அந்த ஆட்கள் அப்படித்தான் என்பார்கள். குடிக்காவிட்டால், பாவம் பழக்கமில்லை என்பார்கள். “ஒரு வாய்க்கு மேல போகாதீங்க. மிச்சமும் வைக்காதீங்க,” என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டேன். “ரெண்டும் எப்படிடீ முடியும்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

முதல் தட்டு முறம் அளவுக்குப் பெரியது. அதன் நடுவில் ரூபாய்க் காசு அகலத்தில் மீன் துண்டு, மேலே ஒரு கீரை இலை. வைதேகிக்கு மட்டும் மீனுக்குப் பதில் பீட்ரூட். அவர் பத்ரியின் அம்மா, சுத்த சைவம். அவருக்கு ஒயினும் இல்லை, தண்ணீர்தான். சௌந்தரராஜன் ஒவ்வொரு தட்டுக்கும் விளக்கவுரை சொன்னார். மூத்த மகள் பிரான்ஸில் இருக்கிறாளாம். அங்கே போய்ப் பழகிய பிறகு தனக்கு எந்த வித்தியாசமும் இல்லை என்றார். “நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல சார்,” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எதெல்லாம் என்று சொல்லவில்லை. பார்க்காதவர்கள், பார்ப்பதில்லை என்று இத்தனை தடவை சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்றாவது கோப்பை வந்தபோது அவர் பேச்சில் பாசம் கூடியது. ஆனால் என் கணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். சம்பந்தி என்ற சொல் அவர் வாயில் ஒரு முறைகூட வரவில்லை. இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் எல்லா அதிகாரிகளிடமும் ஆட்டிய அதே தலை.

நான் வைதேகியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாதவர்களிடம்தான் விஷயம் இருக்கும். அவர் தண்ணீர்க் கோப்பையின் காலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் வாயில் ஊற்றிக்கொண்டார். அத்தனை உயரமான கோப்பையிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. பணியாள்கூட ஒரு கணம் நின்று பார்த்தார். நான் பாடம் எடுக்கும் ஸ்கூலில், ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் உண்டு. என் டிபன் பாக்ஸிலிருந்து இன்றுவரை ஒரு விள்ளல் எடுத்ததில்லை. “இன்னைக்கு விரதம் டீச்சர்,” என்பார். வாரத்தில் ஐந்து நாளும் விரதம் இருந்து, அப்படியும் இளைக்காத ஒரே ஆள் அவர்தான். வைதேகி எச்சில் படாமல் குடித்தது அவர்கள் வீட்டுப் பழக்கமாகத்தான் இருக்கும், அதை நான் அறியாதவள் இல்லை. இருந்தாலும் கோபம் வந்தது. அந்தக் கோப்பையை யார் யார் வாய் வைத்துக் குடித்தார்களோ என்றுதானே அந்தப் பழக்கம்.

நாலாவது தட்டு வந்தபோதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவர்களுக்கும் இது தெரியாமல் இருக்காது. இங்கே ஏழு சுற்றுச் சாப்பிடுகிறோம், ஆனால் எல்லாம் முள்கரண்டியில். ஒருவர் கையும் நனையவில்லை. நாளைக்குப் பேச்சு பிசகினால், ஹோட்டலில் சாப்பிட்டதெல்லாம் ஒரு கணக்கா என்று துடைத்துவிட்டுப் போய்விடலாம். அவர்கள் வீட்டுப் பாத்திரம் எதிலும் எங்கள் கை படவில்லை, எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவர்கள் கையும் படவில்லை. என்ன ஒரு ஏற்பாடு! கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

“உங்க வீட்டுக்கு எப்ப கூப்புடப் போறீங்க?” என்று கேட்டேன்.

கனிஷ்கா மேசைக்கு அடியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். பத்ரி தன் அப்பாவைப் பார்த்தான். சௌந்தரராஜன் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “கட்டாயம், கட்டாயம். இப்ப ஆத்துல பெயின்டிங் வேலை நடக்கறது. ஒரே தூசி. அதான் இங்க வச்சுக்கலாம்னு…”

“பெயின்ட்லாம் ஒண்ணும் அடிக்கலை,” என்றார் வைதேகி.

அதுவரை அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். சௌந்தரராஜனின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. என் கணவர் கோப்பையை எடுத்து, நான் சொன்ன ஒரு வாயைத் தாண்டி மீதி முழுவதையும் குடித்தார்.

“இவர் கூப்பிடலாம்னுதான் சொன்னார். நான்தான் வேண்டாம்னேன்,” என்றார் வைதேகி. என்னைப் பார்த்தே சொன்னார்.

“ஏன்?”

“பயமா இருந்தது.”

“எங்களப் பாத்தா?”

அவர் மடியிலிருந்த துணியை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தார். “நீங்க வந்தா காபி கொடுப்பேன். சாப்பாடு போடுவேன். அதெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்க சாப்பிட்டு எழுந்தப்புறம் அந்தத் தட்டை நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்? மத்த தட்டோட வெப்பேனா, தனியா வெப்பேனா? எனக்கே தெரியலை. என் கை எப்படிப் போகும்னு எனக்கே தெரியலை. நீங்க அதைப் பாத்துடுவேள். கனிஷ்கா பாத்துடுவா. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது.”

“அம்மா, ப்ளீஸ்,” என்றான் பத்ரி.

எனக்கு முதலில் முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடப் பார்த்தேன். ஐம்பது வயதில், மகளை வைத்துக்கொண்டு, முகத்துக்கு நேராக இதைக் கேட்க வேண்டுமா? ஆனால் எழுந்திருக்கவில்லை. விரதம் என்றார்கள், தலைவலி என்றார்கள், தூசி என்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர் என்னிடம் உள்ளதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன், வலித்தது. ஆனால் காலையிலிருந்து முதல் முறையாக, எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று நான் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சௌந்தரராஜனைவிட இந்த அம்மாவிடம் என் மகளை விட்டுப் போகலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதன் மேலும் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடுவோம் என்று வைதேகி கணக்குப் போட்டிருந்தால்?

“வர்றோம்,” என்றேன். “அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம். ஒக்காந்து கை நனைச்சுட்டுத்தான் போவோம். ஆனா சாப்புட்ட தட்ட நான் கழுவ மாட்டேன். என் பொண்ணும் கழுவ மாட்டா. அத நீங்கதான் எடுக்கணும்.”

கனிஷ்கா என் புடவையை விட்டுவிட்டாள். வைதேகி தலையை அசைத்தார். அது சரி என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தட்டுகள் வந்தன. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. சௌந்தரராஜன் விளக்கம் சொல்வதை நிறுத்தியிருந்தார். இவர் மட்டும், “சாஸ் நல்லாருக்குங்க,” என்று ஒரு தடவை சொன்னார்.

கடைசித் தட்டுடன் செஃப்பே வந்தார். வழுக்கைத் தலை, முழங்கை வரை மடித்த சட்டை. இனிப்பில் முட்டை சேர்க்கவில்லை, அதனால் இது ஒன்று மட்டும் எல்லோருக்கும் பொது என்று பாண்டிச்சேரித் தமிழில் சொன்னார். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டிரண்டு பேருக்கு ஒரு தட்டாம். அவர்கள் ஊரில் விருந்தை அப்படி முடிப்பது வழக்கமாம். தட்டை எனக்கும் வைதேகிக்கும் நடுவில் வைத்தார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரண்டி. ஒரு பக்கம் பத்ரியும் கனிஷ்காவும் தங்கள் தட்டைத் தொடாமல் எங்களைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு அப்பாக்களும் ஐஸ்கிரீமில் குனிந்துகொண்டார்கள்.

எங்கள் தட்டில் பேரிக்காய்த் துண்டும் அதன் மேல் ஐஸ்கிரீம் உருண்டையும் இருந்தன. நான் என் கரண்டியை எடுத்து என் பக்கத்திலிருந்து ஒரு வாய் சாப்பிட்டேன். கரண்டியைத் திரும்பவும் அதே இடத்தில் விட்டு இன்னொரு வாய் எடுத்தேன். உருண்டை சரிந்தது. உருகிய பாலில் என் பக்கம், அவர் பக்கம் என்று இல்லாமல் எல்லாம் ஒன்றாகிவிட்டது. வைதேகி கரண்டியைக் கையில் எடுத்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும், அது யாருடைய கையோ என்பதுபோல, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.