மதியத்துக்கு மேல் ஆறு

வெயில் இந்த வருஷம் முன்கூட்டியே ஏறிவிட்டது, மலையில் பனி வேகமாக உருகுகிறது, மதியத்துக்கு மேல் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று விடியற்காலையில் வானொலி சொன்னதை ஐசுலு கேட்டிருந்தாள். உடனே ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து மேய்ச்சல் மலைக்குப் போய்விடலாம் என்று கணவனின் அண்ணன் கனிபெக்கிடம் கெஞ்சினாள். அவரோ பக்கத்துக் கூடாரத்தில் குதிரைப்பால் கள் குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுந்து வந்தபோது மதியம் தாண்டியிருந்தது; ஆறு கலங்கி, கற்களை உருட்டிக்கொண்டு ஓடியது.

"அத்தான், இப்ப வேண்டாம். காலையில தண்ணி வடிஞ்சிரும்."

"ரேடியோக்காரனா வந்து ஆத்தப் பாத்தான்? பயமா இருந்தா நீ இங்கயே கெட."

கூடாரக் கம்பளங்கள் ஏற்றிய சாம்பல் குதிரையைக் கயிற்றில் இழுத்தபடி தன் குதிரையை ஆற்றில் விட்டார். நடு ஆற்றில் சாம்பல் குதிரை சறுக்கியது. கயிறு கையை அறுக்க, விட்டுவிட்டார். ஒருமுறை அதன் தலை தெரிந்தது. கனிபெக் மட்டும் தட்டுத்தடுமாறிக் கரை திரும்பினார்.

தாயில்லாக் குட்டியாக இருந்தபோதே ஐசுலு பாலூட்டி வளர்த்த குதிரை அது.

"இந்தப் பாழாப்போன ஆறு..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடு." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை. "ஆறு பெருகும்னு காலையிலயே சொல்லிட்டாங்க. நீதான் குடிச்சிட்டு உக்காந்திருந்த. அதக் கொன்னது நீ."

அவள் ஆடுகளை மேட்டுக்கு விரட்டினாள். மறுநாள் இருள் பிரிய, தண்ணீர் இறங்கியதும் அவளே முன்னால் கடந்தாள். மேய்ச்சல் மலை சேரும்வரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.