சரிபாதித் தண்ணீர்

பனி இன்னும் தேயிலைத் தோட்டத்து லயவீடுகளின் தகரக் கூரைகளைவிட்டு இறங்கவில்லை. பூரணி குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பள்ளத்து ஆற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தாள். முழங்கால் தாடையில் இடிக்கிற ஏற்றம். கெண்டைக்காலில் அட்டை கடிப்பது தெரிந்தது. குனிந்தால் குடம் போய்விடும். ஆகவே அட்டைக்குக் காலைச் சாப்பாடு நிச்சயம். அந்தத் தோட்டத்தில் அப்படி நிச்சயமாகச் சாப்பிட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே பீலி இருந்தது. மலையூற்றை மூங்கிலில் இறக்கி, அது விழும் இடத்தில் கல் பாவி, அவள் பாட்டன் காலத்திலிருந்து லயத்துச் சனம் குடித்த தண்ணீர். அங்கே ஒரு சட்டம் உண்டு. எந்தத் துரையும் போடாத சட்டம்: குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போகலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம், இடம் போகாது. அடுத்தவள் குடத்தை நகர்த்தியவளின் வம்சத்தை லயமே கூடி நின்று விசாரிக்கும்.

இப்போதும் குடங்கள் நின்றன. தண்ணீர்தான் வரவில்லை.

போன மழையில் ஓர் எஞ்சினியர் வந்து ஊற்றுக்கண்ணில் சிமெண்டுத் தொட்டி கட்டினார். அஸ்திவாரம் தோண்டியது லயத்து ஆட்கள்தான். தொட்டியில் இரண்டு ஓட்டை. ஒன்று பீலிக்கு, மற்றது குழாய் வழியாகக் கீழே டவுனுக்கு. இரண்டும் ஒரே அளவு. "சரிபாதி" என்று எஞ்சினியர் அளந்தே காட்டினார். டவுன் ஓட்டை அடியிலும், லயத்து ஓட்டை ஒரு முழம் மேலேயும் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒங்களத்தான் மேல வச்சிருக்காரு. மரியாதைடி!" என்றார் கணக்கப்பிள்ளை பொன்னையா.

லயம் பூரித்துப்போய்த் தேங்காய் உடைத்தது. மழைக்காலம், தொட்டி நிறைந்து இரண்டிலும் கொட்டியது. பிறகு வெயில் வந்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கியது. டவுன் ஓட்டை குடித்துக்கொண்டே இருந்தது. மரியாதை ஓட்டையில் சிலந்தி குடியேறியது.

பள்ளத்து ஆறுதான் மிச்சம். தேயிலை அரைக்கிற ஸ்டோர்க் கழிவும் லயத்துச் சாக்கடைக் கான்களும் போய்ச் சேருகிற ஆறு. போன வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு வேலாயியின் கைப்பிள்ளை வயிற்றோட்டத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து வேலாயி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது பூரணியின் மகள் ராக்காயிக்கும் அதே வயிற்றோட்டம். "சுத்தமான தண்ணி நெறையக் குடுங்க" என்றார் தோட்டத்து மருந்துக்காரர். மருந்து சரியான மருந்துதான். கிடைக்கிற இடத்தை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று ஞாயிறு, வேலையில்லாத நாள். இறக்கிவைத்த குடத்துத் தண்ணீரைப் பூரணி பார்த்தாள்; காய்ச்சினாலும் அதன் நிறம் போகாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு இறங்கினாள். வழியெல்லாம் டவுன்காரிகளைத் திட்டிக்கொண்டே போனாள். நம் தண்ணீரில் மூன்று வேளை குளிக்கிற மகராசிகள்!

கடைவீதிக்குள் நுழையும்போதே ராக்காயிக்குக் கண் செருகியது. பூரணி முதல் கடையிலேயே ஏறினாள். தேத்தண்ணிக் கடை றுக்கையா உலைக்கு வைத்திருந்த தண்ணீரில் அரைத் தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

"அரைத் தம்ளரா? எங்க தண்ணி பூராம் இங்கதானக்கா கொட்டுது!"

"கொட்டுதா? வா புள்ள, காட்றேன்."

கடைக்குப் பின்னால் தெருக் குழாய். அதன் முன்னே வளைந்து வளைந்து ஒரு வரிசை. ஆளில்லை, வாளிகள் மட்டும். ஒரு வாளிக்குள் பழைய செருப்பு ஒன்று அடையாளத்துக்குக் கிடந்தது.

"அந்தா, அதுதான் நான்" என்றாள் றுக்கையா. "காலையிலேருந்து நிக்கிறேன். தண்ணி மொதல்ல புது ஹோட்டலுக்குப் போகுது. அங்க படுத்துக் குளிக்கிற தொட்டியெல்லாம் இரிக்குது. அது ரொம்பி மிஞ்சினாத்தான் எங்களுக்கு. ஒங்க தொரைக்கும் அதுல பங்காம்."

பூரணி அந்தச் செருப்பைப் பார்த்தாள். வழியெல்லாம் திட்டியதை அங்கேயே வாபஸ் வாங்கினாள்.

"நாளைக்கு நாங்க வேலைக்கு எறங்க மாட்டோம்க்கா. லயத்துல பேசப்போறேன். நீங்களும் வாங்க."

"நீங்க மலைக்காரங்க, துணிச்சல். எங்களுக்குக் கடை இரிக்குது புள்ள" என்று றுக்கையா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். சுத்தமான தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குத் தப்பு முழங்கியது. களத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு ஆண்கள் நின்றார்கள். பெண்கள் நிற்கிற இடத்தில் குடங்கள் நின்றன. பித்தளை, மண், தகரம் என்று வரிசை பிசகாமல். பெண்கள் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூரணி!" என்று பேர் கூப்பிட்டார் பொன்னையா.

"இருக்கேங்க!"

"எங்கடி இருக்கே?"

"அந்தா நிக்கிறேனே, நெளிஞ்ச பித்தளைக் கொடம். தெரியலீங்களா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அடங்கியது. வெள்ளைத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்து இரண்டாம் வருஷம் அது. நிறம் மாறியிருந்தது, துரைத் தமிழ் மாறவில்லை.

"என்ன இது? குடம் கொழுந்து எடுக்கிறதா?"

பூரணி எழுந்து வந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "வெறுங் கொடந்தாங்க தொரை. நாங்களும் அப்புடித்தான் கெடக்கோம். தண்ணி வந்தா ரெண்டு பேருமே வேலைக்கு வந்துருவோம்."

"சரிபாதி கொடுத்தது! டவுன்காரன் வோட்டு போடறது. நீ வோட்டு இல்லாத ஆள், என்ன போடறது?"

"கொழுந்து போடுறோங்க."

துரையின் காது சிவந்தது. "பொன்னையா! எல்லாம் எடுத்து வீசு!"

பொன்னையா அசையவில்லை. அவர் லயத்தைவிட்டுக் குவாட்டர்ஸுக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. கால்சட்டை போட, கெட்டவார்த்தையை இங்கிலீசில் சொல்ல எல்லாம் கற்றிருந்தார். அடுத்தவள் குடத்தில் கைவைக்க மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை.

துரையே வந்து பூட்ஸ் காலால் உதைத்தார். ஒரு மண்குடம் உருண்டு கல்லில் மோதிச் சிதறியது. வேலாயியின் குடம்.

வேலாயி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். ஓடுகளைப் பார்த்தாள். துரையைப் பார்த்தாள். பிறகு, நான்கு நாளாகப் பூட்டிக்கிடந்த வாயைத் திறந்து, பூரணியிடம் கேட்டாள்:

"போவமா?"

பெண்கள் தங்கள் தங்கள் குடத்தை எடுத்தார்கள். பூரணி ஓடிப்போய் ராக்காயியை லயத்துக் காம்பரா அறையிலிருந்து வாரிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளையை இனி எங்கும் விட்டுவர அவளுக்குத் துணிவில்லை. ஆண்களில் முதலில் கத்தியைக் கீழே போட்டவன் அவள் புருஷன் செல்லசாமி. அந்தத் தோட்டத்தில் சங்கம் இரண்டு. ஒன்றின் ஆள் இன்னொன்றின் ஆளுக்கு வெற்றிலைகூட நீட்டமாட்டான். அன்று இரண்டும் தொட்டிக்குப் போகும் ஒரே பாதையில் ஏறின.

"போலீஸ் ஜீப்பு வரும்! எல்லாம் ஜெயில் போறது!" துரையின் குரல் பின்னால் துரத்திக்கொண்டு வந்தது.

தொட்டிச் சுவரில் ஈரம் கசிந்து கறுத்திருந்தது. அழகுமுத்து என்ற இளவட்டம் அலவாங்குக் கடப்பாரையை ஓங்கினான். "ஒடைச்சுப்புடுவோம்!"

செல்லசாமி பாய்ந்து பிடித்தான். "கீழ பாருடா. ஒடைச்சா தண்ணி பாஞ்சு மொதல்ல போறது நம்ம லயந்தான்."

லயத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைப் பூரணி தண்ணீரில் இறக்கி, அடி ஓட்டைக்கு முன்னால் நகர்த்தினாள்.

"முழுசா மூடுக்கா! கெடந்து சாகட்டும் அவனுக!" என்றான் அழகுமுத்து.

"பாதிதான் மூடணும், தம்பி. கீழயும் கொடம் நிக்குது. ஹோட்டலு தண்ணிய ஹோட்டலு கொறைச்சுக்கிறட்டும்."

எல்லோரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் மெல்ல ஏறியது. அதற்கு யாருடைய அவசரமும் தெரியவில்லை. பூரணியின் மடியில் ராக்காயி கிடந்தாள். உதடு வெடித்து, கண் குழிந்து, அழக்கூட ஈரமில்லாமல். தண்ணீர் லயத்து ஓட்டையை எட்ட இன்னும் ஒரு சாண் இருந்தது.

மூடுபனி இறங்கியது. கீழே, கண்ணுக்குத் தெரியாத வளைவில், ஜீப்பு உறுமியது. பிறகு இன்னொன்று.

"துப்பாக்கியோடதான் வருவானுக" என்றான் ஒருவன். யாரும் எழவில்லை. விலகி உட்கார்ந்திருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். பொன்னையா எப்போது வந்தாரென்று தெரியவில்லை. கடைசி வரிசையில் கால்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் குந்தியிருந்தார்.

ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது. மலைப்பாதையில் ஜீப்பு எதற்கு ஹாரன் அடிக்கிறது? செல்லசாமி பாறைமேல் ஏறிப் பார்த்தான்.

"என்னாங்க?" என்றாள் பூரணி.

"ஜீப்பு நவுர மாட்டேங்குது புள்ள. முன்னால ரோட்ட அடைச்சுக்கிட்டு பொம்பளைங்க நடந்து வாராங்க. டவுன்காரங்க. தேத்தண்ணிக் கடை றுக்கையா அக்காதான் மொத ஆளு. கையில எல்லாம் வாளி."

தகரத்தில் தகரம் இடிக்கும் சத்தம் பனிக்குள்ளிருந்து ஏறிவந்தது. பூரணி குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். தண்ணீர் லயத்து ஓட்டைக்கு இன்னும் மூன்று விரற்கடை கீழே நின்றது. கீழே பாதையில் இரண்டு போலீஸ் ஜீப்புகள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு, வாளிகளின் நடைக்கு நடந்து வந்தன.