இருட்டுப் பெட்டி

இன்செர்ட் விசையைக் காணோம். ஜோதிலட்சுமியின் வலது கட்டைவிரல் விசைப்பலகையின் ஓரமெல்லாம் மேய்ந்துவிட்டு ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. இத்தனை வருஷமாக அந்த விரலுக்கு அந்த விசைதான் வீட்டு வாசல். அதை அழுத்தாமல், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அவளுடைய பழைய விண்டோஸ் கணினி ஒரு வார்த்தைகூட உருப்படியாகப் பேசாது. இந்த ஆப்பிள் மேக் கணினியில் அந்த இடத்தில் குளிர்ந்த, வழவழப்பான உலோகம் மட்டும்தான் இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்து நாலு வயசில் மறுபடி ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

"இன்செர்ட்ட மறந்துடுக்கா," என்றான் இம்மானுவேல், போனில். அத்திப்பட்டுக்காரன். பார்வையற்றோர் பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு இளையவன். மேக்கில் ரொம்ப நாளாகப் புழங்குகிறவன். "கண்ட்ரோலும் ஆப்ஷனும் ஒண்ணா புடி. இனிமே அதான் உன் சாவி. அத்தப் புட்ச்சுக்கினு கைல மாட்றதெல்லாம் அமுக்கிப் பாரு. ஒண்ணும் ஒடஞ்சிடாது."

அப்படி ஒரு அனுமதிக்காகத்தான் அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. இரண்டு விசையையும் பிடித்துக்கொண்டு ஷிஃப்டையும் சேர்த்துக்கொண்டு மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஒன்று பாக்கி விடாமல் அழுத்தினாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டி ஏதாவது சொன்னது. பழைய கணினியின் குரல் மூக்கடைத்த கண்டக்டர் குரல். ஆனாலும் அவளுக்கு உயிர். இந்தக் குரலோ வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டு பேசியது. அதன் வேகத்தை ஏற்றி, இன்னும் ஏற்றி, மற்றவர் காதில் வெறும் இரைச்சலாக விழும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவளுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவசரத்தில் பாதி அறிவிப்புகளை முழுசாகக் கேட்காமலே வாயடைத்துவிட்டு அடுத்த விசைக்குத் தாவினாள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெங்களூரில் ஒரு நிறுவனம். புதுச் செயலிகளைப் பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்கிற வேலை. விண்டோஸ் மட்டும் போதாது, மேக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு செயலியை அனுப்பி, அதிலுள்ள குறைகளையெல்லாம் எழுதி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் போன் எடுத்து, "ஒரு நிமிஷம், கனெக்ட் பண்றேன்" என்று சொல்லியே அவளுக்கு வாய் தேய்ந்து போயிருந்தது. இந்த வேலை கிடைத்தால் அவளே பேசலாம். அவள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அதற்காகத்தான் புதுவாயல் கடையில் யாரோ வைத்திருந்து விற்ற இந்த மேக்கை வாங்கினாள்.

வீட்டில் இந்த பெங்களூர் விஷயம் தெரியாது. தெரியவும் கூடாது. போன வருஷம் ஐதராபாத்தில் ஒரு வேலைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணி கல்பனா பின்னால் நின்று திரையை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டாள். கல்பனா கெட்டவள் இல்லை. பொரியலுக்கு உப்பு போதுமா என்று பார்க்கிற மாதிரி, போகிறபோதும் வருகிறபோதும் ஜோதியின் திரையைப் பார்ப்பாள். "இன்னா ஜோதி, ஐதராபாத்தா?" என்று அவள் கேட்ட அன்று ராத்திரியே அண்ணன் தணிகாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தது அவன்தான். எங்க ஊட்டுப் பொண்ண அவ்ளோ தூரமெல்லாம் அனுப்பறதில்லீங்க என்று மரியாதையாகவே சொல்லி வைத்துவிட்டான். அவனுக்குப் பயம். ஜோதிலட்சுமிக்கு வந்தது ஆத்திரம். காதில் இயர்போன் மாட்டிக் குரலை மறைத்துக்கொள்ளலாம். திரையை என்ன செய்வது? முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் இந்தத் தடவை என்னவோ அண்ணி வாயே திறக்கவில்லை. வளையல் சத்தம் பின்னால் வந்து நிற்கும். ஒரு பெருமூச்சு. போய்விடும். நடுவே ஒருதரம் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். புதுப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி குறைகளை எழுதித் தள்ளினாள். பெயரில்லாத பொத்தான், சொல்லாமல் கொள்ளாமல் மாறும் பக்கம், கண்ணுள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற சிவப்புக் குறி. எழுத எழுதக் குஷி ஏறியது. விரல்களும் புதுத் தடத்துக்குப் பழகிவிட்டன.

சனிக்கிழமை காலையில் நாஷ்டா முடிந்து, கடைசிப் பத்தியில் இருக்கும்போது தணிகாசலம் வந்து எதிரில் உட்கார்ந்தான். கையில் பை இருந்தது. அதன் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஜோதி, மனசு கஷ்டப்படாத. அந்தப் பொட்டிய குடு. புதுவாயல் போயி மாத்தினு வந்துடறேன். கடக்காரன் உன்ன நல்லா ஏமாத்திகீறான்."

"யாரு ஏமாத்துனா? நல்லாதானே ஓடுது?"

"எங்க ஓடுது? செத்துப் பூட்ச்சுமா அது. ரெண்டு நாளா கருப்பாதான் கீது. ஒரு எழுத்து தெரியல."

"நீ பாட்டுக்கு இருட்டுப் பொட்டிய வச்சுக்கினு தட்டிக்கினு, சிரிச்சுக்கினு கீற," என்றாள் கல்பனா. "எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல ஜோதி."

ஜோதிலட்சுமிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்தப் பெருமூச்சும், தலைத் தடவலும். இரண்டு நாளாக இந்த வீடே அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது! சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பெட்டி கடைக்குப் போனால் உள்ளே இருப்பதையெல்லாம் கடைக்காரன் அழித்துவிடுவான். எழுதிய அத்தனையும் போய்விடும்.

"கொஞ்சம் இருண்ணா," என்று தணிகாசலத்திடம் சொல்லிவிட்டு இம்மானுவேலைப் போனில் கூப்பிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ திரைய மூடிட்டக்கா! நம்மளுக்குன்னே வச்சிகீறாங்க. திரைய அணச்சிட்டு நம்ம வேலைய நாம பாக்கலாம். மைனஸ் சாவிய எப்பயோ சேத்து அமுக்கிகீற."

"நீ சொல்லவேயில்லியே?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்? உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. புதுசுங்க எல்லாத்துலயும் கீது இது. உன் பழசு கிழட்டுப் பொட்டி, அதுல வராது. கண்ட்ரோல், ஆப்ஷன், ஷிஃப்ட், மைனஸ். அமுக்கு, தொறந்துக்கும்."

விரல்கள் போய் உட்கார்ந்துவிட்டன. அழுத்தப்போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். திறந்தால் என்ன தெரியும்? பெங்களூர் கம்பெனியின் பெயர், கொட்டை எழுத்தில். எதிரில் அண்ணன், பின்னால் அண்ணி. அவளை நிறுத்தியது பயம் மட்டும் என்று சொல்ல முடியாது. தன் திரையில் மற்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அவள் யோசித்ததேயில்லை. யோசிக்க யாரும் விட்டதுமில்லை.

அறிக்கையை மறைத்தாள். வானிலைப் பக்கத்தைத் திறந்து, பொன்னேரி என்று அடித்து, காதில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். பிறகு நாலு விசையையும் சேர்த்து அழுத்திப் பெட்டியை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

"அய்! வந்துட்ச்சு!" என்று கல்பனா கத்தினாள்.

தணிகாசலம் குனிந்து பார்த்தான். "இன்னாது இது... இன்னிக்கு மத்தியானமே மழையா? அடக் கடவுளே, நெல்லு களத்துல கெடக்குது. கல்பனா, தார்ப்பாய் எங்க?" பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினான். பைக் உதைபடுகிற சத்தம் கேட்டது.

ஜோதிலட்சுமி பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் நாலு விசை. இந்தத் தடவை குரல் சொன்னதைக் கடைசி எழுத்து வரை நிதானமாகக் கேட்டாள். "திரை மூடப்பட்டது" என்றது அது. இத்தனை இனிப்பான ஒரு அறிவிப்பை அவள் எந்தப் பெட்டியிலும் கேட்டதில்லை.

"திருப்பி பூட்ச்சே ஜோதி!"

"போகல அண்ணி. நான்தான் அணச்சேன். வெளிச்சம் எனக்கு எதுக்கு? சார்ஜாவது மிச்சமாகட்டும்."

பொய் இல்லை. முழுசாக உண்மையும் இல்லை. மறைத்து வைத்திருந்த அறிக்கையை வெளியே கொண்டுவந்து, கடைசிப் பத்தியை முடித்து, பெங்களூர் கம்பெனியின் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகக் கேட்டாள். அண்ணியின் மூச்சு தோளில் பட்டது. வளையல் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்தது. மூடித்தான் இருக்கிறதா? காது சொன்னதை நம்பலாமா?

"ஜோதி," என்றாள் கல்பனா, கிசுகிசுப்பாக.

"இன்னா அண்ணி?"

"கண்ணாடி மாரியே கீதுடி. என் மூஞ்சி நல்லா தெரியுது. பொட்டு கோணிப்பூட்ச்சு, பாரேன். கொஞ்சம் என் பக்கம் சாய்ச்சுப் புடி."

ஜோதிலட்சுமி இடது கையால் திரையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தாள். பின்னால் வளையல்கள் மெல்ல ஏறி இறங்கின. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பொட்டைப் பிய்த்து நடு நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டாத, ஆட்டாத."

"ஆட்டல அண்ணி," என்றாள் ஜோதிலட்சுமி. வலது கை போய் அனுப்பும் விசையை அழுத்தியது. விர்ரென்று ஒரு சத்தம், அவள் காதுக்குள் மட்டும், எழும்பிப் போனது.