நாலாம் நம்பர் அறையின் இருமல்

சுங்குவார்சத்திரத்தில் வரதராஜுலு வாடகைக்கு விட்டிருந்த பத்து அறைகளில் நாலாம் நம்பர் அறை, தங்கமாரி அதைக் காலி செய்துவிட்டுப் போன மறுநாள் காலை ஏழே காலுக்கு இருமத் தொடங்கியது. 2010ஆம் வருடம், புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. உள்ளே ஆள் இல்லை, கதவில் பூட்டு தொங்கியது. முதலில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று, பிறகு விடாமல் ஏழெட்டு, கடைசியில் மூச்சை இழுக்கும் ஒரு விசில் சத்தம். பக்கத்து அறைப் பெண்கள் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்கள். அது தங்கமாரியின் இருமல்தான் என்று சொல்ல அவர்கள் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதமாக அதைக் கேட்டுத்தான் அவர்கள் தூக்கம் கெட்டிருந்தார்கள்.

தங்கமாரி காலி செய்தாள் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அவள் பையைத் தூக்கி ரோட்டில் வைத்தவர் வரதராஜுலு. அதற்குக் காரணமாக இருந்தவள் சுவாதி. சுவாதி காஞ்சிபுரத்துப் பெண், சமூகப் பணியில் முதுகலை படித்தவள், அந்தப் பக்கத்து அரசு சுகாதார நிலையம் ஒன்றில் காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த வேலை. நோயாளிகள் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும், வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பிடித்து வருவதும் அவள் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து செல்போன் கம்பெனியில் லைனில் நின்ற தங்கமாரிக்கு வயது இருபது. ஆடி மாதம் நோய் தெரிந்தது. ஆறு மாதம், வாரம் மூன்று நாள், இன்னொருவர் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தவள், ஓவர்டைம் இருக்கிறது என்று ஒரு வாரம் வராமல் போனதும் சுவாதி விலாசத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். வாசலில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வரதராஜுலுவின் மனைவி காமாட்சியம்மாள், யார் வேண்டும் என்று கேட்டாள். சுவாதி இரண்டு முறை தணிந்த குரலில் சொன்னது மோட்டார் சத்தத்தில் விழவில்லை. மூன்றாம் முறை தொண்டை கிழியக் கத்தினாள்: "டிபி மாத்திரைக்கு வர்ற தங்கமாரி எந்த ரூமு?" அந்த நொடியில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. டிபி என்ற சொல் பத்து அறைக்கும் எதிர் டீக்கடைக்கும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. நோயாளியின் ரகசியம் காப்பது பற்றிய பாடத்தில் சுவாதி எண்பத்தொரு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அன்று மாலையே பை ரோட்டுக்கு வந்தது. கூட இருந்த மூன்று பெண்களும் தங்கள் பாயையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நம்பருக்குப் போய்விட்டார்கள். தங்கமாரி போன அவசரத்தில் இருமலை எடுத்துக்கொள்ளவில்லை. அது அறையிலேயே தங்கிவிட்டது, அவளுடைய ஷிப்டையும் விடாமல் காத்தது. அவள் காலை ஷிப்டில் இருக்கும் வாரத்தில் மத்தியானத்துக்கு மேல் இருமும், மதிய ஷிப்டு வாரத்தில் காலையில் இருமும், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் இருமும். வரதராஜுலு வெள்ளையடித்துப் பார்த்தார். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு விபூதி கொண்டுவந்து நான்கு மூலையிலும் போட்டார். அந்த ஒரு அறையை இடித்துவிடலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி சுவரில் ஒரு அடி போட்டதும் உதிர்ந்த காரைத்தூளில் சிவப்பாகக் கொஞ்சம் கசிந்தது. அவர் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு, கூலி கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் சுவாதி மறுபடி வந்து, இருமல் கேட்டு, ஆள் உள்ளேதான் இருக்கிறாள் என்று கதவைத் தட்டினாள். "சும்மா தட்டாத. யாரும் இல்ல. வூடுதான் இருமுது" என்றாள் காமாட்சியம்மாள். தங்கமாரி எங்கே போனாள் என்பது யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் சுவாதியிடம் சொல்லவில்லை. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி விரட்டினார். மற்றப் பெண்கள் இவள் தலையைக் கண்டதும் பஸ்ஸில் ஏறி ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள், இவள் வந்து நின்றால் ரூம் போகும் என்பது அதற்குள் தெருவுக்கே பாடமாகியிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்களைக் கேட்டுக் கேட்டு, கார்த்திகையில்தான் படப்பையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கண்டுபிடித்தாள். தங்கமாரி மாத்திரையை அடியோடு நிறுத்தியிருந்தாள். இருமல் சுத்தமாக இல்லை. ஆடியில் நாற்பத்து நான்கு கிலோ இருந்தவள் இப்போது முப்பத்தெட்டு.

"எனக்குத்தான் இருமலே இல்லியே. சொகமாயிட்டு. அந்த மாத்திரயத் தின்னு குடலு பெரண்டு வாந்தி எடுத்துட்டு, லைன்ல எப்படி நிக்க?" என்றாள். சுவாதி சொன்ன எதுவும் ஏறவில்லை. ஒரே ஒரு டெஸ்ட் என்று கெஞ்சிக் கூட்டிவந்ததும் வினையாகப் போயிற்று. இருமல் இல்லாதவளுக்குச் சளி எப்படி வரும்? சின்ன டப்பாவில் எச்சிலைத்தான் துப்பினாள். லேப் 'நெகட்டிவ்' என்றது. "நெகட்டிவ்னா முடிஞ்சிது. ஃபைல க்ளோஸ் பண்ணு சுவாதி, மாசக் கணக்கு அனுப்பணும்" என்று சுகாதார நிலையத்து டாக்டரம்மா கையை நீட்டினார்.

சுவாதி ஃபைலைக் கொடுக்கவில்லை. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே நாலாம் நம்பருக்குப் போய், காமாட்சியம்மாளிடம் சாவி வாங்கித் திறந்து, தங்கமாரியின் பாய் இருந்த இடத்துக்கு மேலே ஈரம் பூத்திருந்த சுவரில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஏழாவது இருமலுக்கு வேண்டிய அளவு கிடைத்தது. லேபில் மூன்று பிளஸ் என்று வந்தது. இதைவிட மோசமான முடிவு கிடையாது. டாக்டரம்மா ரிசல்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுவருக்கு மாத்திரை எழுத ஃபாரத்தில் இடம் இல்லை என்றார். வயது என்ற கட்டத்தில் என்ன போடுவது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான், சுவாதிக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

சுவரைச் சுரண்டிவிட்டுப் போன செய்தி கேட்டு வரதராஜுலு மறுநாள் பஸ் ஸ்டாண்டிலேயே அவளை மடக்கினார். "இன்னாம்மா, எங்க வூட்டுக்கு நோய இட்டாந்து வுட்டதும் இல்லாம, சுவத்த வேற சுரண்டிக்கினு போறியா? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து உன் வேலைய காலி பண்றனா இல்லியா பாரு." சுவாதியும் சளைத்தவள் இல்லை. "நோய நான் எடுத்துக்கினு வர்ல. நீங்கதான் ஆள வெளிய தள்ளிட்டு நோய உள்ள வெச்சுப் பூட்டிக்கினு கீறீங்க. அவ திரும்பி வந்தாத்தான் அது போவும்" என்று கத்தினாள். இருவரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் ஒரு பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது. அவர் மனு கொடுத்தார். அவளுக்கு ஒரு மெமோ வந்தது. இதற்கிடையில் நாலாம் நம்பரை ஒட்டியிருந்த மூன்றும் ஐந்தும் காலியாயின. நமக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று காமாட்சியம்மாள் தினமும் அழுதாள். தை பிறந்ததும் வரதராஜுலு, "அந்தப் பொண்ண இட்டுனு வா. ஒரு மணி நேரம். அவுளுத அவ எடுத்துக்கினு போய்க்கினே இருக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது தங்கமாரி வர மறுத்தாள். ஹாஸ்டல் வாசலிலேயே சுவாதியை நிறுத்தி வைத்துப் பேசினாள். "நீங்க வந்து கத்துனதாலதான என்னைய நாய வெரட்டுன மாதிரி வெரட்டுனாவ? இங்கயும் கெடுக்க வந்தியளாக்கும்?" சுவாதி கைபேசியை எடுத்தாள். நாலாம் நம்பர் அறையின் இருமலை அதில் பதிவு செய்து வைத்திருந்தாள். தங்கமாரி கேட்டாள். கடைசியில் அந்த விசில் சத்தம் வந்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போனது. தன் இருமல் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகாது. கம்பெனி யூனிபார்ம் அவள் தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது, எடை முப்பத்து நாலுக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டால் இவள் செத்துவிடுவாள் என்று சுவாதிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "நான் கத்துனது தப்பு. படிச்சும் புத்தி இல்லாம கத்திட்டேன். உன் ரூம் போனது என்னாலதான்" என்றாள். நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. "தப்புன்னா? போன ரூமு வருமாக்கும்?" என்று கேட்டாள் தங்கமாரி. "வரும், கிளம்பு" என்றாள் சுவாதி. அதற்கு வழி என்ன என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அறை காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தது. தங்கமாரி உள்ளே போய்ப் பாய் இருந்த இடத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். சுவரின் இருமல் பாதியில் நின்றது. மீதிப் பாதியை அவள் இருமினாள். உடம்பை இரண்டாக மடக்கிப்போட்ட இருமல், கடைசியில் ரத்தமும் வந்தது. சுவாதி டப்பாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கல்நெஞ்சுக்காரி என்று யாரும் சொல்லியிருக்கலாம், சந்தோஷத்தில் சிரித்தாள். வாசலில் கையில் கடிகாரத்தோடு நின்ற வரதராஜுலு, "எடுத்துக்கினியா? கெளம்பு" என்றார். சுவாதி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இவளை இப்போது வெளியே அனுப்பினால் இருமல் மறுபடி இங்கேதான் இறங்கும், குணமாகும்வரை இவள் இந்த அறையில்தான் இருக்க வேண்டும், நடுவில் விட்டதால் இந்தத் தடவை எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் ஊசியும் உண்டு என்றாள். வரதராஜுலு அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரை அவர் நம்பினார், அவளை நம்பவில்லை. "எட்டு மாசம் நீ ஒழுங்கா மாத்திர குடுப்பன்னு எவன் நம்புவான்? ஒரு வார்த்த மெதுவா சொல்லத் துப்பு இல்லாதவ. குடு அந்தப் பொட்டிய" என்று மருந்துப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

கண் முன்னால் விழுங்க வைப்பது என்ற வேலைக்கு அந்த வட்டாரத்தில் அவரைவிடப் பொருத்தமான ஆள் பிறகு கிடைக்கவில்லை. இரக்கப்படுகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துவிடுவார்கள். அவர் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வாரம் மூன்று நாள் காலையில் தாழ்வாரத்தில் நிற்க வைத்து, ஒவ்வொரு மாத்திரையாக எண்ணிக் கொடுத்து, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று பார்த்து, வாந்தி எடுத்துவிடுவாளோ என்று அரை மணி நேரம் அங்கேயே நின்றார். ஒருநாள் அவள் கன்னத்துக்குள் ஒதுக்கிய மாத்திரையைக் கண்டுபிடித்து அவர் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டுவரை கேட்டது. ஊசிக்குத் தன் மொபெட்டில் உட்கார வைத்து, போகும்போதும் வரும்போதும் திட்டினார். சித்திரையில் ஊர்க் கோயில் கொடைக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது பையை ஒளித்து வைத்தார். அவள் அவரை நாசமாய்ப் போக என்று சொல்லாத நாள் இல்லை. சுவாதிக்கு அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது. மெடிக்கல் லீவுக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். நாலு நாள் கேட்டில் உட்கார்ந்து, ஐந்தாம் நாள் வாங்கினாள். நாலாம் நம்பருக்கு வந்தால் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவளும் திருப்பிக்கொண்டாள். தங்கமாரியின் மருந்து அட்டையில் அவர் போட்ட குறிகள் மட்டும் ஒன்றுவிடாமல் நிறைந்தன. தங்கமாரி நாற்பத்தேழு கிலோவுக்கு வந்தாள்.

2011 புரட்டாசியில் கடைசி டெஸ்ட். அவளால் சளி கொடுக்க முடியவில்லை. இருமல் இல்லை. போன தடவையும் இப்படித்தான் இருமல் இல்லாமல் 'நெகட்டிவ்' வந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, குணம் என்று எழுத மாட்டேன் என்றார். அன்று மத்தியானம் வரதராஜுலு சட்டையைக் கழற்றிவிட்டு நாலாம் நம்பர் சுவரில் காதை வைத்தார். பிறகு மற்ற ஒன்பது அறைகளிலும், மாட்டுக் கொட்டகையிலும், தண்ணீர்த் தொட்டியிலும் வைத்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு படப்பை ஹாஸ்டலுக்குப் போய், பொம்பளைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் உனக்கென்ன வேலை என்ற வார்டனோடு சண்டை போட்டு உள்ளே நுழைந்து, அங்கே அவள் படுத்திருந்த இடத்துச் சுவரைக் கேட்டார். கம்பெனிக்குள் விடவில்லை. காம்பவுண்டுச் சுவரை வெளிப்பக்கமாகவே சுற்றி வந்து கேட்டார், அதற்கு மட்டும் அரை நாள் ஆனது.

இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தவருக்குக் காது சிவந்து வீங்கியிருந்தது. சுவாதியும் தங்கமாரியும் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். "எங்கயும் இல்ல" என்றார். நன்றாகக் கேட்டீர்களா என்று சுவாதி வாயைத் திறந்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எட்டு மாசமா கேட்டுக்கினு கீற காதும்மா இது. இல்லன்னா இல்ல. எளுதிக்கோ." பிறகு தங்கமாரி பக்கம் திரும்பி, "நாளைக்கி காலி பண்ணிடு" என்றார். அவள் பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். சுவாதிக்கு அழுகை வந்தது, மறைக்காமல் அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை.

மறுநாள் தங்கமாரி கிளம்பும்போது வரதராஜுலு வீட்டுக்குள்ளிருந்தே கத்தினார்: "எதையும் வுட்டுட்டுப் போயிடாத!" அவள் கதவுக்குப் பின்னாலும் அலமாரியிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவரிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒம்ம வீட்டுல விட எங்கிட்ட ஒண்ணும் இல்ல, வே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நன்றி என்ற வார்த்தையை அவள் சொல்லவும் இல்லை, சுவாதியும் வரதராஜுலுவும் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த வாரமே அந்த அறைக்கு நாலு பேர் குடிவந்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள்.

அந்தச் சுகாதார நிலையத்தில் அதன் பிறகு யாருடைய அட்டையிலும் குணம் என்று எழுதும் முன், அவர் குடியிருந்து விட்டுப்போன அறைகளின் சுவரைக் கேட்டு வருவது வழக்கமாயிற்று. ஒரகடம் வரைக்கும் சுவாதிதான் போவாள். முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் அவளைத் திட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்கள். 2015லும் அவளுக்கு அதே ஒப்பந்த வேலைதான். காலை பஸ்ஸில் வலது காதில் சுண்ணாம்போடு ஏறும் அவளைப் பார்த்து, இது என்ன என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள்.